பத்து வெள்ளியும் இரவுக் காவலும்: துன் சம்பந்தன் காட்டிய வழி

ருக்குன் தெத்தாங்கா என்றதும் ஜாசின் வட்டாரத்தில் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கோத்தோங் ரோயோங்கும் விருந்தும்தான். ஆனால், அது நாடு பட்ட ஒரு காயத்திலிருந்து பிறந்த திட்டம். அந்தக் காயத்தை ஆற்றும் பொறுப்பை ஏற்றவர்களில் முக்கியமானவர், துன் வீ.தி. சம்பந்தன்.

1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தந்தை வீராசாமி ரப்பர் தோட்ட உரிமையாளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய சம்பந்தன், 1955-இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டில் அமைச்சரும் ஆனார்.

சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டாடி விற்றனர். பாட்டாளிகளுக்கு வேலையோடு குடியிருந்த வீடும் போனது. இதற்கு மாற்றாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளி கட்டி வாங்கலாம். அதற்காகத் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சேர்த்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம்.

1969 மே 13 கலவரத்தில் அதிகாரபூர்வக் கணக்கின்படி 196 பேர் மாண்டனர். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. நாட்டை நிர்வகித்த தேசிய நடவடிக்கை மன்றத்தில் சம்பந்தனும் இடம்பெற்றார். அந்தக் காலக்கட்டத்தில் தமிழர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. வேலை பெர்மிட் விதியால், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர்.

1972-இல் தேசிய ஒற்றுமை அமைச்சராகவும், கட்சித் தலைமையிலிருந்து விலகியபின் 1974-இல் தேசிய ஒற்றுமை வாரியத் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார். 1975-இல் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் முறை வைத்து ஒன்றாக இரவுக் காவல் நின்றனர். முதலில் அது சட்டம் விதித்த கடமை. ஆனாலும் அண்டை வீட்டுக்காரரின் பெயரையும் பிள்ளைகளையும் அறிந்துகொள்ள அந்த இரவுகள் வாய்ப்பளித்தன. முகம் தெரிந்தவரைப் பற்றிய வதந்தியை யாரும் எளிதில் நம்புவதில்லை. பின்னாளில் காவலைவிட நல்லுறவே திட்டத்தின் முதன்மை நோக்கமானது.

1979 மே 18-ஆம் நாள், அறுபது வயதை எட்டுமுன்பே சம்பந்தன் காலமானார்.

பத்து வெள்ளிச் சந்தாவும் இரவுக் காவலும் வெவ்வேறு காரியங்கள். இரண்டையும் நடத்திக் காட்டியவர்கள் சாதாரணக் குடும்பத்து மக்களே. அடுத்த முறை குடியிருப்பில் ருக்குன் தெத்தாங்கா கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அரசாங்கக் காரியம் என்று ஒதுங்காமல் நம்மவர்களும் போய் அமர வேண்டும்.