கீழிறங்கும் காற்றைக் கண்டவர்

1945 ஆகஸ்ட் 9 அன்று காலை, அணுகுண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானம் ஜப்பானின் கொக்குரா நகரை நெருங்கியது. மேகமும் புகையும் நகரை மூடியிருந்தமையால் இலக்கு புலப்படவில்லை. விமானம் நாகசாகியை நோக்கித் திரும்பியது. கொக்குராவை அடுத்த தொபாத்தாவின் தொழில்நுட்பக் கல்லூரியில் அப்போது கற்பித்துவந்த இருபத்து நான்கு வயது இளைஞரே டெட்சுயா ஃபுஜிட்டா. மேகத்திரை காத்த அவ்வாழ்வு மேகங்களை ஆராய்வதிலேயே கழிந்தது.

சில வாரங்களுக்குப்பின் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சென்று அவர் அழிவை ஆராய்ந்தார். கல்லறைகளில் மலர் செருகும் மூங்கில் குழல்களில் பதிந்த தீத்தடங்களின் சாய்வைக்கொண்டு குண்டு வெடித்த உயரத்தைக் கணித்தார். மேலிருந்து தாக்கிய அதிர்வலையால் மரங்கள் நடுவிலிருந்து நாற்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்த கோலம் அவர் உள்ளத்தில் தங்கியது.

1947இல் செபுரி மலையின் வானிலை நிலையத்திலிருந்து ஓர் இடிமழையை அவர் கூர்ந்து நோக்கினார். இடிமேகத்தில் மேலெழும் காற்றே பெரிதும் பேசப்பட்ட காலம் அது. காற்று, அழுத்தப் பதிவுகளை ஒப்பிட்ட ஃபுஜிட்டா, மேகத்திலிருந்து கீழே பாயும் காற்றும் உண்டெனக் கண்டார்.

இதனை உணரக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கோடைமாலையில் நாகரசம்பட்டி போன்ற கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில், முதல் துளி விழுமுன்னரே குளிர்காற்று புழுதியுடன் வந்து மாந்தோப்பை உலுக்கும், காய்கள் உதிரும். மழைத்துளிகள் இழுத்துவரும் காற்று, துளிகள் ஆவியாவதால் குளிர்ந்து கனக்கிறது; தரையில் மோதி எத்திசையும் பரவுகிறது. அதன் முன்விளிம்பே வன்காற்று முகம். மிதவெப்ப நாடுகளில் குளிர்ந்த காற்றுத்திரள் வெப்பக் காற்றின் அடியில் ஆப்பெனப் புகும் எல்லையை வளிமுகம் என்பர். அங்கே உந்தப்படும் ஈரக்காற்று இடிமேகமாகிறது. தமிழகத்தில் அத்தகைய வளிமுகம் இல்லை; கோடையில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் வங்கக் கடலின் ஈரக்காற்றும் சந்திக்கும் கோடு ஏறத்தாழ அப்பணியைச் செய்கிறது. எங்கு பிறப்பினும், முதிர்ந்த இடிமேகம் தனக்கென ஒரு சிறு வளிமுகத்தைப் படைத்து, அதனால் முன்னுள்ள வெப்பக்காற்றை உயர்த்திப் புதுமேகங்களைப் பிறப்பிக்க வல்லது.

அதே மலையின் அமெரிக்க ரேடார் நிலையத்தில் குப்பையில் எறியப்பட்டிருந்த ஆய்வுரை ஒன்று ஃபுஜிட்டாவிடம் வந்து சேர்ந்தது என்பர். எழுதியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹோரஸ் பயர்ஸ். பெருஞ்செலவில் விமானங்களைப் புயல்மேகங்களுக்குள் செலுத்தி அவர் குழு கண்டதை, ஃபுஜிட்டா மலைமேல் நின்றே கண்டிருந்தார். தம் கட்டுரையை ஆங்கிலமாக்கி அனுப்பினார், அழைப்பு வந்தது. 1953இல் சிகாகோ சென்றார்.

டொர்னாடோ என்னும் சுழல்காற்றின் வலிமையை வகுக்க 1971இல் அவர் அமைத்த அளவுகோல் அவர் பெயரை உலகறியச் செய்தது. எனினும் அவர்தம் தலையாய பணி அதற்குப் பின்னரே வந்தது. 1974 ஏப்ரலில் இரண்டு நாள்களில் 148 சுழல்காற்றுகள் அமெரிக்காவைத் தாக்கின. சேதங்களை வானிலிருந்து பார்வையிட்டபோது, மேற்கு வர்ஜீனியாவின் காடொன்றில் மரங்கள் சுழன்று விழாமல் நடுவிலிருந்து வெளிநோக்கி விழுந்திருந்தன. முப்பதாண்டுகட்கு முன் கண்ட அதே கோலம்!

அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று நியூயார்க்கில் இடிமழையினூடே தரையிறங்க முயன்ற விமானம் நொறுங்கி 113 பேர் மாண்டனர். ஃபுஜிட்டா விமானப் பதிவுகளை ஆராய்ந்து, குறுகிய பரப்பில் பாய்ந்த கீழ்நோக்குக் காற்றே காரணம் என்றார். அதற்கு ‘மைக்ரோபர்ஸ்ட்’ எனப் பெயரிட்டார். அதில் புகும் விமானத்திற்கு முதலில் எதிர்காற்று ஏந்தலைக் கூட்டும். விமானி வேகத்தைக் குறைப்பார். அடுத்த நொடிகளில் கீழ்க்காற்று அழுத்தும். பின்காற்று ஏந்தலைப் பறிக்கும். தரை அருகில் இருக்கையில் மீள இடமிராது.

வானிலை அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. அறிந்த வன்காற்று முகத்திற்கே புதுப்பெயர் சூட்டுகிறார் என்றனர். ஃபுஜிட்டா வாதத்தை நீட்டிக்காமல் சான்று தேடினார். 1978இல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார்களை நிறுவி ஐம்பது அளவில் அத்தகைய வீச்சுகளைப் பதிவு செய்தார். 1982இல் டென்வரிலும் ஆய்வு தொடர்ந்தது. சுழல்காற்றுக்கே இலக்கணம் வகுத்த அவர், ஒரு சுழல்காற்றைக் கண்ணாரக் கண்டது அவ்வாண்டில்தான்.

1985இல் டல்லஸ் நகரில் மற்றொரு விமானம் அவ்வாறே வீழ்ந்து 137 உயிர்கள் போயின. அதன்பின் எச்சரிக்கைக் கருவிகளும் விமானிகளுக்கான பயிற்சியும் விரைவு பெற்றன. விமான நிலையங்களில் டாப்ளர் ரேடார்கள் அமைக்கப்பட்டன. அமெரிக்கப் பயணிகள் விமானம் ஒன்று இவ்வகைக் காற்றால் பெருவிபத்துக்குள்ளானது 1994இல், அதுவே இறுதியானது. அதனையும் கண்டபின், 1998 நவம்பர் 19 அன்று ஃபுஜிட்டா சிகாகோவில் மறைந்தார்.