டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்த பேராசிரியர்



நம்ம தேனியிலிருந்து உசிலம்பட்டி, பேரையூர் வழியாகப் போனால் டி.கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தமது கடைசிக் காலத்தைக் கழித்தார். சூழலியல் பொருளாதாரம் என்று இன்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடக்கிறதே, அந்தப் பெயர் பிறக்கும் முன்பே அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்திய அரசின் வரவு செலவுக்கும் மக்களின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வுதான் 1929-ல் அவரைக் காந்தியடிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோட்டு சூட்டு போய்க் கதர் வந்தது.

குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியரானார். வகுப்பில் பேசுவதோடு நிற்கவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டம் மாத்தர் தாலுகாவுக்குப் போய்விட்டார். ஊர் ஊராகச் சுற்றி விவசாயியின் வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் எழுதி எடுத்தார்கள். நிலவரி எந்த அளவுக்கு அழுத்துகிறது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்குச் செயலாளரானார். 1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்டு, ஜபல்பூர் சிறையில் 'நிலைத்த பொருளாதாரம்' என்ற நூலை எழுதினார். இயற்கைச் செல்வத்தை அதில் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை தொட்டியில் கிடப்பவை. எடுக்க எடுக்கத் தீரும். மழை, பயிர், காடு ஆகியவை ஓடிக்கொண்டே இருப்பவை. அளவோடு எடுத்தால் என்றும் கிடைக்கும். முதலாவதை நம்பும் நாடு சண்டையில் போய் முடியும் என்று எச்சரித்தார்.

இதை நம் கம்பம் பள்ளத்தாக்கில் பொருத்திப் பாருங்கள். 1895 முதல் மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர், மழை இருக்கும்வரை ஓடும் செல்வம். திராட்சைத் தோட்டத்தில் ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிறோமே, அது பெரும்பாலும் தொட்டித் தண்ணி. பழம் விற்ற காசு வரவில் ஏறுகிறது. குறைந்த தண்ணீர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆடிட்டரான குமரப்பா பார்த்தால் இதை லாபம் என்று ஒத்துக்கொள்வாரா?

1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, அவர் மறைந்தார்.

மாணவர்களே, மாத்தர் தாலுகா ரொம்ப தூரம். சின்னமனூரும் உத்தமபாளையமும் பக்கத்தில்தான். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு, பேராசிரியர்களோடு ஒரு கிராமத்துக்குப் போய்த் தண்ணீர்க் கணக்கு எழுதுங்கள். அடுத்த சந்திப்பு மலரில் அதைப் படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.