அருவிப்புறத்துக் கல்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் வழியில் நெய்யாற்றங்கரை என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே, நெய்யாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் அருவிப்புறம். அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தவர் நாராயண குரு.

இவர் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். மலையாளம், வடமொழி, தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் புலமை பெற்றார். தமிழிலும் பதிகம் பாடினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மருத்துவாழ் மலையில் தவம் இயற்றினார்.

அக்காலத் திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபசுவாமியின் தொண்டராகவே ஆட்சி செய்தனர். சமய வழக்கத்தை அரசும் காத்து நின்றது. ஆகவே ஈழவர் முதலானோர் பெருங்கோயில்களுக்குள் நுழைய இயலவில்லை. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் தடை இருந்தது.

1888ஆம் ஆண்டு சிவராத்திரி நாளில் குரு நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, சிவலிங்கமாக நிறுவினார். அவருக்கு அவ்வுரிமை ஏது எனச் சிலர் வினவினர். தாம் நிறுவியது ஈழவரின் சிவனையே என அவர் அமைதியாக விடையளித்தார் என்பர். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் அது என்னும் கருத்தை அங்கு எழுதுவித்தார்.

1924ஆம் ஆண்டு ஆலுவாவில் சர்வசமய மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதன்று, அறிவதும் அறிவிப்பதுமே அதன் நோக்கம் என அறிவித்தார். எச்சமயத்தவராயினும் மனிதர் நல்லவராதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1928ஆம் ஆண்டு வர்க்கலை சிவகிரியில் மறைந்தார்.

திருவிதாங்கூர்க் கோயில்கள் 1936ஆம் ஆண்டு அரச ஆணையால் இந்துக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, சமயம், சாதி முதலியவற்றின் பெயரால் அரசு எவரிடமும் வேற்றுமை காட்டலாகாது என விதித்தது; விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையையும் அளித்தது. அரசு சட்டத்தால் செய்ததை, ஒரு தனிமனிதர் பல்லாண்டுகளுக்கு முன்பே ஆற்றங்கரையில் தம் செயலால் செய்து காட்டினார். சட்டம் கதவைத் திறக்கும். அண்டை வீட்டாரை உடன்பிறந்தாராய்க் கருதும் மனத்தை நாமே வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக: உம் வகுப்பில் வேறு சமயத்தைச் சார்ந்த நண்பரிடமிருந்து நீர் அறிந்துகொண்ட நற்செய்தி ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.