ஓய்வு கேட்ட இளைஞர்

1910ஆம் ஆண்டின் பிற்பகுதி. கும்பகோணத்தில் தொடர்வண்டி ஏறிய இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் விழுப்புரம் சந்திப்பில் இறங்கினார். அங்கு வண்டி மாறித் திருக்கோவலூரை அடைந்தார். அவரிடம் பட்டம் இல்லை, வேலையும் இல்லை. கணக்குகள் நிறைந்த குறிப்பேடு இருந்தது. திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரைக் கண்டு, வட்ட அலுவலகத்திலோ நகராட்சியிலோ ஓர் எழுத்தர் வேலை கேட்பதே அவரது நோக்கம். அவ்விளைஞர் சீனிவாச இராமானுஜன்.

1887 திசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பெற்ற அவர், 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்குள் கார் என்பவர் தொகுத்த கணிதநூல் ஒன்று அவர் உள்ளத்தை முழுவதும் ஆட்கொண்டிருந்தது. பிற பாடங்களை அவர் புறக்கணித்தார், ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை பறிபோனது. வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் வெற்றி பெறவில்லை. இதனை மேதைமையின் அடையாளமாகப் போற்றுவோர் உண்டு. உண்மையில், கணக்குக்காக எல்லாவற்றையும் விலக்கிய அவர், கணக்குப் போடுவதற்கு உதவித்தொகை தந்த காலத்தையும் அதனாலேயே இழந்தார்.

1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. ஈட்டுதல் இனிக் கடமையாயிற்று. திருக்கோவலூர்ப் பயணத்தின் பின்னணி இதுவே.

இராமசாமி ஐயர் வருவாய்த்துறை அலுவலர் மட்டுமல்லர்; 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். குறிப்பேட்டைப் புரட்டியவர் வியந்தார். கேட்ட வேலையைக் கொடுப்பது அவருக்கு எளிது. ஆயினும், அரசுப் பணியின் அடிப்படியில் அமர்த்தி இத்திறனை மூச்சுத்திணறச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. சென்னையிலிருந்த பேராசிரியர் சேஷு ஐயருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் இருப்புப்பாதை, அக்காலத்தில் அலுவலக வேலை தேடும் தென்னார்க்காட்டு இளைஞர்க்கும் உரிய பாதை. இராமானுஜன் பெற்றதோ, வேலை மறுக்கப்பட்டதன் பயனாகக் கிடைத்த அறிமுகம்.

அவ்வறிமுகம் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தது. ராவ் உடனே நம்பிவிடவில்லை. சில சந்திப்புகளுக்குப் பின்னரே குறிப்பேட்டின் அருமை அவருக்குப் புலப்பட்டது. உமக்கு என்ன வேண்டும் என வினவினார். இராமானுஜன் பதவி கேட்கவில்லை, பெருஞ்செல்வமும் கேட்கவில்லை. ஆய்வைத் தொடரும் வகையில் உயிர் வாழப் போதுமான சிறுதொகை கிடைத்தால் போதும் என்றார். அவர் வேண்டியது ஓய்வு என்றே ராவ் பின்னாளில் குறித்தார். சோம்பியிருக்கும் ஓய்வன்று அது. உணவுக்காக அலையாமல், தன் சிந்தனைக்கே உரியதாக அமையும் பொழுது. வேலையின்றி இருக்கும் இளைஞர் ஒருவர் ஆட்சியர் முன்நின்று இதைக் கேட்க, தன் தேவையை எவ்வளவு தெளிவாக அறிந்திருக்க வேண்டும்!

ராவ் மாதம் 25 ரூபாய் வழங்கி, சென்னையிலேயே தங்கச் செய்தார். 1911இல் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதற்கட்டுரை வெளிவந்தது. ஆனால், ஒருவர் கொடையிலேயே நெடுங்காலம் வாழ அவர் விரும்பவில்லை. உதவித்தொகை முயற்சிகள் கைகூடாமற்போகவே, 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். பகற்பொழுதை விற்று, காலையையும் இரவையும் தமக்கென வைத்துக்கொண்டார் எனலாம். தாளின் விலை மிகுதி. ஆதலால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் எழுதினார். எண்ணவோட்டம் தடைபடாதிருக்க வீட்டார் சோற்றைப் பிசைந்து கையில் வைத்தனர் என்பர். அவர் காத்த பொழுதில் பிறர் உழைப்பும் கலந்திருந்தது.

அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் பலகையும் கையுமாக அமர்ந்தனர். அவர் தந்த ஊக்கமும் துணைநிற்க, 1913 சனவரியில் இராமானுஜன் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் விடுத்தார். ஹார்டியின் பாராட்டு வந்த பின், அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுத்தொகை அளித்தது. பட்டமில்லாதவர்க்கு அது அரிய சலுகை. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும். மற்றப்படி நாள் முழுவதும் அவருடையது. ராவிடம் கேட்ட ஓய்வு இருபத்தைந்து வயதில் கிட்டியது.

1914 மார்ச்சில் கப்பலேறியவர், 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் திரும்பினார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. இறப்பதற்கு மூன்று திங்களுக்கு முன்னும் புதிய சார்புகள் குறித்து ஹார்டிக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இறுதிக்கால ஆய்வுகள் அடங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 1976இல் கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.