அப்பா கார் செய்தார், மகன் அதில் அழகைத் தேடினார்: யார் இந்த எட்சல் ஃபோர்டு?

1933 மார்ச். அமெரிக்காவின் கார் தலைநகரமான டெட்ராய்ட்டில் ஒரு சண்டை. நகரத்துக் கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் மெக்சிகோ ஓவியர் தியகோ ரிவேரா வரைந்த ஓவியங்கள்தான் காரணம். கோயில் சிலையோ, ராஜா ராணியோ இல்லை. கார் தொழிற்சாலையும் அதில் உடம்பை வளைத்து வேலை பார்க்கும் தொழிலாளிகளும்தான் சுவர் முழுக்க. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் ஒரு காட்சி, ஏசு பிறப்பைக் கேலி செய்கிறது என்று மதத் தலைவர்கள் கொதித்தார்கள். வரைந்தவர் கம்யூனிஸ்ட் வேறு. வெள்ளையடித்து அழிச்சிடுங்க என்று தலையங்கமே வந்தது.

இதற்குப் பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன் எட்சல் ஃபோர்டு.

1893-ல் பிறந்த எட்சலுக்கு 25 வயதிலேயே ஃபோர்டு கம்பெனியின் தலைவர் நாற்காலி கிடைத்துவிட்டது. நாற்காலி மட்டும்தான். முடிவெல்லாம் அப்பா கையில். ஹென்றிக்கு கார் என்றால் மலிவாக இருக்கணும், உழைக்கணும், அவ்வளவுதான். ஒன்றரைக் கோடி விற்ற அவருடைய மாடல் டி, பல வருஷம் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. மகனோ படம் வரைபவர், ஓவியங்கள் சேகரிப்பவர். காரைப் பார்த்தாலே வாங்கத் தோணணும் என்பது அவர் கட்சி. போட்டிக் கம்பெனிகள் கலர் கலராக கார் விட்டு, மாடல் டி விற்பனை சரிந்த பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். 1927-ல் வந்த மாடல் ஏ காரில் இன்ஜின் அப்பா பொறுப்பு, தோற்றம் மகன் பொறுப்பு. ஆனால் ஹைட்ராலிக் பிரேக் வேணும் என்று எட்சல் கேட்டது நடக்க 1939 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

எட்சல் கொஞ்சம் சுதந்திரமாக மூச்சுவிட்ட இடம், 1922-ல் ஃபோர்டு வாங்கிய லிங்கன் கம்பெனி. படகு வடிவமைத்துப் பழகிய கிரிகோரி என்பவரைக் கூட வைத்துக்கொண்டு, ஃபுளோரிடா விடுமுறைக்காகத் தனக்கென்று ஒரு கார் செய்யச் சொன்னார். நீண்ட மூக்கு, தாழ்ந்த உடம்பு, பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெப்னி. 1939-ல் அதைப் பார்த்த நண்பர்கள் எங்களுக்கும் வேணும் என்றார்கள். அதுதான் லிங்கன் கான்டினென்டல். 1951-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வடிவத்துக்காகவே எட்டு கார்களைக் காட்சிக்கு வைத்தபோது, இதுவும் அதில் ஒன்று.

சுவரோவிய விஷயத்தில் எட்சலை முழு ஹீரோ ஆக்கிவிடவும் முடியாது. 1932 மார்ச் 7 அன்று, வேலையிழந்தவர்கள் ஃபோர்டின் ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீசும் கம்பெனி காவலர்களும் சுட்டதில் நாலு பேர் அங்கேயே செத்தார்கள். அப்போது கம்பெனித் தலைவர் எட்சல்தான். அடுத்த மாதமே ரிவேரா, மனைவி ஃப்ரிடா காலோவுடன் டெட்ராய்ட் வந்து, அதே ஆலைக்குள் போய் ஸ்கெட்ச் போட்டார். அந்தத் துப்பாக்கிச் சூடு ஓவியத்தில் இல்லை.

ஆனாலும் அழிக்கச் சொன்ன கூட்டத்துக்கு எட்சல் பணியவில்லை. அருங்காட்சியகத்தை நடத்திய கலைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுவர் வெள்ளையாகியிருக்கும். ஓவியருக்குப் பக்கபலமாக நின்றார். இதே ரிவேரா நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் லெனின் முகத்தை வரைந்தார் என்பதற்காக, 1934-ல் அந்த ஓவியத்தையே உடைத்துத் தள்ளினார்கள்.

அப்பாவுக்கு முன்பே, 1943-ல், 49 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் எட்சல் இறந்தார். 80-ஐ நெருங்கிய ஹென்றி மறுபடி தலைவரானார். 1957-ல் மகனின் பேரை ஒரு காருக்கு வைத்தார்கள், அது படுதோல்வி. பாவம், இன்று அமெரிக்காவில் எட்சல் என்றால் பலருக்கு அந்த ஃபிளாப் கார்தான் ஞாபகம் வரும்.

2013-ல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானபோது, அருங்காட்சியகத்தில் உள்ளதை விற்றுக் கடனை அடையுங்கள் என்று கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். பல அறக்கட்டளைகள் பணம் போட்டு, கலைப் பொருட்களையும் ஓய்வூதியர்களையும் சேர்த்துக் காப்பாற்றின. ஃபோர்டு அறக்கட்டளை மட்டும் கொடுக்க முன்வந்தது 12.5 கோடி டாலர். 1936-ல் அதைத் தொடங்கியவர் எட்சல். ரிவேராவின் 27 ஓவியங்களும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. தெற்குச் சுவரின் கீழ் மூலையில், கோட்டும் டையுமாக எட்சலும் நிற்கிறார்.