மரியம் என்னும் பட்டம் பெற்ற அரசி

பேரரசர் அக்பரின் மனைவி மரியம்-உஸ்-ஸமானி என்றவுடன், அவர் கிறிஸ்தவப் பெண்மணி என்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். 'இக்காலத்து மரியாள்' என்பது அப்பட்டத்தின் பொருள். மரியன்னையை முஸ்லிம்களும் போற்றுவர் அல்லவா? உண்மையில் இவர் ஆம்பேர் அரசர் பார்மலின் மகள். இந்து ராஜபுத்திரக் குலத்தில் உதித்தவர். இவரது இயற்பெயரை அபுல் பசல் கூடக் குறிக்கவில்லை. ஜோதாபாய் என்பது பிற்காலத்தார் வழங்கிய பெயர்.

1562இல் சாம்பரில் திருமணம் நிகழ்ந்தது. பகைவரால் நெருக்குண்ட தந்தை, தம் நாட்டைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் புகுந்த வீட்டில் இந்து அரசியரின் வழிபாடு தடைப்படவில்லை. அந்தப்புரத்தில் வேள்வித்தீ எரிந்ததையும், அக்பரே அதில் பங்குகொண்டதையும், அதனை வெறுத்த பதாயூனியே எழுதி வைத்திருக்கிறார்! 1569இல் சலீம் பிறந்தார். அவரே பின்னாளில் ஜஹாங்கீர்.

அரசியார் கடல் வாணிபத்திலும் வல்லவர். அவருடைய ரஹீமி என்னும் கப்பல் மக்கா யாத்திரிகரை ஏற்றிச் சென்று வந்தது. 1613இல் போர்த்துக்கீசியர் அதைக் கைப்பற்றினர். மரியன்னையை வணங்குவோர், மரியம் பெயர்கொண்டவரின் கப்பலைப் பறித்தது நமக்கு வருத்தமே. சினமுற்ற ஜஹாங்கீர் ஆக்ராவில் இயேசு சபையாரின் ஆலயத்தை மூடச் செய்தார்.

1623இல் அரசியார் மறைந்தார். பிறந்த குலத்தின் வழக்கப்படி எரியூட்டாமல், சிக்கந்தராவில் அக்பரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர்.