ஸ்ரீ புரந்தரதாஸரும் இல்லத்து ஸாதகமும்

கர்நாடக ஸங்கீதத்தின் பிதாமஹர் என்று பெரியோர் போற்றும் ஸ்ரீ புரந்தரதாஸரின் பதங்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் நம் சாமல்பட்டி, ஓசூர் எல்லைச் சீமைக்குப் புதியன அல்ல. ஆயினும் நம் குழந்தைகள் நாள்தோறும் வீட்டிலிருந்து பாட வேண்டிய பாடத்தை வகுத்தருளியவரும் அம்மஹானே என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

தாஸர் 1484-ஆம் ஆண்டில் அவதரித்ததாகக் கொள்வர். பிறந்த ஊர் பூனாவை அடுத்த புரந்தரகடம் என்பாரும், மலைநாட்டுத் தீர்த்தஹள்ளிப் பகுதி என்பாரும் உண்டு. அவ்வாதத்தில் நாம் புக வேண்டுவதில்லை. பூர்வாச்ரமத்தில் ஸ்ரீநிவாஸ நாயக்கர் என்னும் பெருஞ்செல்வர். வட்டியும் ரத்தின வியாபாரமும் அவர் தொழில். ஈகை மட்டும் அறியார். ஏழை அந்தணர் ஒருவருக்கு அவருடைய தர்மபத்தினி தம் மூக்குத்தியை ஈந்ததும், கடைப்பெட்டியில் பூட்டி வைத்த அந்த மூக்குத்தி வீட்டில் அம்மையாரின் கிண்ணத்தில் தோன்றியதுமான வரலாறு யாவரும் அறிந்ததே. நாற்பது வயதை ஒட்டி அவர் அனைத்தையும் துறந்து விஜயநகரம் சென்று, ஸ்ரீ வியாஸராயரை ஆச்ரயித்துப் புரந்தரவிட்டல முத்திரை பெற்றார். அது முதல் தம்பூராவும் கையுமாய்த் தெருத்தெருவாகப் பாடி உஞ்சவிருத்தி செய்தார். பாடாத நாளில் பிக்ஷையும் இல்லை என்னும் வாழ்வு அது.

ஸரளி, ஜண்டை, அலங்காரம், மலஹரி கீதம் என்னும் வரிசை அவர் வகுத்தது என்பது ஸம்பிரதாயம். கணக்கேட்டில் காசைக் காசாய்ச் சேர்த்த கை, ஸ்வரங்களையும் அவ்வாறே சேர்க்கக் கற்பித்ததோ என்று அடியேனுக்குத் தோன்றும். தொடக்கத்திற்கு வைத்த மாயாமாளவகௌளையில் ஸட்ஜம் முதல் மத்யமம் வரையுள்ள இடைவெளிகளே பஞ்சமம் முதல் மேல் ஸட்ஜம் வரையிலும் அமைந்துள்ளன. முற்பாதி காதில் படிந்தால் பிற்பாதி தானே வசப்படும். ஜண்டையில் இரண்டாம் ஸ்வரத்துக்கு அழுத்தம் பழகும். அலங்காரத்தில் ஏக தாளத்தின் 4 அக்ஷரம் முதல் துருவத்தின் 14 அக்ஷரம் வரை கை பழகும். பிறகு வரும் மலஹரியோ அதே ஸ்வர ஸ்தானங்களில் நிஷாதத்தை நீக்கிய ராகம். குழந்தை புதிய ஸ்வரம் ஒன்றும் தேடாமலே பாட்டைப் பெற்றுவிடுகிறது!

இந்தப் படிகளைத் தாண்டச் சொல்பவர் பெரும்பாலும் பெற்றோரே. நவராத்திரிக் கொலுவுக்குள் ஒரு கீர்த்தனையாவது வேண்டும் என்கிறோம். குழந்தையும் கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கிறது. வீட்டில் தனியே அமர்ந்தால் எதை, எப்படிப் பழகுவது என்று அறியாது ஓய்ந்து, ஓராண்டில் பாட்டையே விட்டுவிடுகிறது. ஸரளி அறிந்த குழந்தைக்கு அந்தத் திகைப்பு இல்லை. சுருதியோடு ஸட்ஜத்தைச் சற்று நேரம் நிறுத்திப் பாடி, ஒரே வரிசையை முதற்காலத்தில் தொடங்கி, தாளத்தின் நடை மாறாமல் இரண்டாம் காலமும் மூன்றாம் காலமும் பாடலாம். இடறிய இடத்தில் முதற்காலத்துக்குத் திரும்பி, அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

ஞாயிறன்று இரண்டு மணி நேரம் பாடுவதைவிட நாள்தோறும் இருபது நிமிஷம் பாடுவது நிலைக்கும். ஓசூர் ஆலைகளில் தந்தை இரவு ஷிப்டு முடித்து உறங்கும் வீடுகளும் உண்டு. அங்கே விடியலை விட்டு மாலை விளக்கேற்றும் வேளையை நியமமாகக் கொள்ளலாம். ஸங்கீதம் அறியாத தாயும் அருகமர்ந்து, கை தாளத்தில் நிற்கிறதா என்று பார்க்க முடியும்.

புரந்தரதாஸர் 1564-ஆம் ஆண்டு புஷ்ய பஹுள அமாவாஸையன்று பரமபதம் அடைந்தார். ஹம்பியில் விட்டலர் ஆலயத்துக்கு அருகே, துங்கபத்ரைக் கரையில் அவர் பெயரால் ஒரு கல்மண்டபம் நிற்கிறது. திருவையாற்று ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் தமது ப்ரஹ்லாத பக்தி விஜயத்தில் தாஸரை வணங்கியிருக்கிறார். 1964-இல் பாரத அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நம் தை அமாவாஸையை ஒட்டி ஆண்டுதோறும் அவருடைய ஆராதனை நடைபெறுகிறது.